வாசகர் கேள்வி – பதில்: ஆற்றுக்கு மேலா, அடியிலா?

கேள்வி: என் மகன் நியூஜெர்சியில் குடியிருந்துகொண்டு நியூயார்க்கில் வேலை பார்க்கிறான். தினமும் ஹட்சன் ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கச் சாலையில்தான் பயணம் என்கிறான். ஈரோட்டுக்கும் பள்ளிபாளையத்துக்கும் நடுவே காவிரிமேல் பாலம் இருப்பதுபோல் அங்கும் கட்டியிருக்கலாமே? (ஒரு வாசகர், பவானி)

பதில்: பள்ளிபாளையம் பாலத்தின் கீழே போவது பரிசல்தான். ஆகவே வெள்ளம் தொடாத உயரத்தில் தளம் நின்றால் நமக்குப் போதும். ஹட்சனின் கடைமடையோ கடற்கப்பல்கள் வந்துபோகும் துறைமுகம். கப்பலுக்கு வழிவிட ஏறத்தாழ 60 மீட்டர் உயரம் வேண்டும் என்றும், நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் வீதம் சாலை ஏறுகிறது என்றும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கரையிலும் 1,200 மீட்டருக்குச் சாய்தளம் அமைக்க வேண்டியிருக்கும். வீடும் கடையும் நெருங்கிய தென் மன்ஹாட்டனில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? அதனால்தான் அங்கே ஆற்றுக்கு அடியில் போனார்கள். அதே ஆற்றில் வடக்கே, இரு கரையும் இயல்பாகவே மேடாக இருக்கும் இடத்தில், 1931இல் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தைக் கட்டினார்கள். அதன் நடுக்கண் மட்டும் 1,067 மீட்டர். வேண்டிய உயரத்தை அங்கே நிலமே கொடுத்துவிட்டது.

கேள்வி: குருவாயூர் போகும்போது குதிரான் சுரங்கத்தில் கார்க் கண்ணாடியை ஏற்றிய பிறகும் புகை வாடை வந்தது. ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத சுரங்கத்திலேயே இப்படி என்றால், ஆற்றுக்கு அடியில் மூச்சு விடுவது எப்படி? (ஒரு வாசகி, அவிநாசி)

பதில்: ஹட்சனுக்கு அடியில் கார்கள் போகும் ஹாலந்து சுரங்கத்தைத் திட்டமிட்ட பொறியாளர்களை மிகவும் வாட்டிய கேள்வி இதுதான். அதற்கு முன்பே ஹட்சனுக்கு அடியில் ரயில்கள் ஓடின. ஆனால் அவை மின்சார ரயில்கள். கார் என்ஜின் கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வாடை வந்து எச்சரிக்கும் முன்பே ஆளைச் சாய்த்துவிடும். எவ்வளவு வாயுவை உடல் தாங்கும் என்று அறிய, தாமாக முன்வந்தவர்களை மூடிய அறையில் இருத்தி யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்த பிறகே காற்றின் அளவை முடிவு செய்தார்கள்.

குதிரானில் கூரையில் தொங்கும் பெரிய விசிறிகள் காற்றைச் சுரங்கத்தின் நீளவாக்கில் தள்ளுகின்றன. ஏறத்தாழ 2.6 கிலோமீட்டர் நீளமுள்ள ஹாலந்து சுரங்கத்தில் அப்படிச் செய்தால், நடுவில் ஒரு வண்டி தீப்பிடித்தாலும் அதன் புகை மற்ற வண்டிகள்மீதெல்லாம் படர்ந்துவிடும். எனவே சாலைக்கு அடியில் ஒரு காற்றறையும் கூரைக்கு மேல் இன்னொன்றும் அமைத்து, நல்ல காற்று சாலையோர இடுக்குகள் வழியே கீழிருந்து வரவும், கெட்ட காற்று நேர் மேலே ஏறி வெளியேறவும் வழி செய்தார்கள். நான்கு கட்டடங்களில் 84 விசிறிகள் வைத்து, ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை சுரங்கக் காற்று முழுவதும் மாறும்படி அமைத்த இந்தச் சுரங்கம் 1927 நவம்பர் 13 அன்று திறக்கப்பட்டது. தலைமைப் பொறியாளர் கிளிஃபர்ட் ஹாலந்து அதைப் பார்க்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். இரு கரையிலிருந்தும் தோண்டி வந்தவர்கள் நடு ஆற்றில் சந்திப்பதற்குச் சற்று முன்பாக, 1924 அக்டோபரில், 41 வயதில் அவர் இறந்துபோனார்.

கேள்வி: லங்கா கார்னர் ரயில் பாலத்தின் அடியில் அரை மணி நேர மழைக்கே தண்ணீர் நின்றுவிடுகிறது. ஆற்றுக்கு அடியிலேயே இருக்கும் சுரங்கத்தில் நிற்காதா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: அங்கே சுவர் வழியாக ஆறு உள்ளே வருவதில்லை. வார்ப்பிரும்பு வளையங்களை ஒன்றோடொன்று முடுக்கி, உள்ளே கான்கிரீட் பூசியிருக்கிறார்கள். எந்தச் சுரங்கத்துக்கும் ஆபத்து அதன் வாயில்தான். 2012 அக்டோபரில் சாண்டி புயலின்போது கரைமீறிய நீர் புகுந்து, ஹாலந்து சுரங்கம் கார்களுக்கு ஒரு வாரத்துக்கும் மேலாக மூடிக்கிடந்தது.

லங்கா கார்னரின் நிலையும் அதுவே. சுற்றியுள்ள சாலைகளின் நீரெல்லாம் தாழ்ந்த இடம் தேடி அங்கே வந்து சேர்கிறது. எத்தனை மோட்டார் வைத்து இறைத்தாலும், இறைத்த நீர் போகும் வடிகாலில் மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்திருந்தால் பயனில்லை. ஐப்பசி மழைக்கு முன்பே வடிகாலைத் தூர்வார வேண்டும். மின்சாரம் போனாலும் மோட்டார் ஓட டீசல் ஜெனரேட்டர் வேண்டும். நீரின் ஆழம் தெரியும்படி சுவரில் அடிக்கணக்கில் பெரிதாகக் கோடு போட்டு எழுதி வைக்கவும் வேண்டும். சைலன்சர் முங்கும் ஆழம் என்று தெரியாமல் இறங்கித்தான் இருசக்கர வண்டிகள் நடுவில் அணைந்து நிற்கின்றன.