காரிலேயே நிரந்தரமாக ஜம்ப் ஸ்டார்ட் பிளக் பொருத்திக்கொள்ளலாமா?

பொருத்தலாம். பேட்டரி இறங்கிப்போன காரை இன்னொரு வண்டியின் பேட்டரியால் ஸ்டார்ட் செய்வதுதான் ஜம்ப் ஸ்டார்ட். பேட்டரியின் இரண்டு முனைகளிலிருந்தும் தடித்த கேபிள் இழுத்து, பம்பர் ஓரம் ஒரு பிளக்கில் முடிப்பார்கள். உதவிக்கு வரும் வண்டியின் கேபிளை அதில் செருகினால் போதும். பானெட் திறந்து கிளிப் மாட்டும் வேலை இல்லை. வேலூர் வெயிலில் பேட்டரி சீக்கிரம் கைவிடும். அடிக்கடி ஜமுனாமரத்தூர் மலைப்பக்கம் போகிறவர்களுக்கு இது வீண் செலவில்லை.

உயிர்நாடி கேபிளின் தடிமன்தான். ஸ்டார்ட்டர் மோட்டார் சட்டென்று 150 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும், டீசல் என்றால் இன்னும் கூட. தண்ணி லாரியின் பெரிய ஹோஸைக் கழற்றிவிட்டு தோட்டத்து டியூபை மாட்டினால் தொட்டி எப்போது நிரம்பும்? மெல்லிய ஒயரும் அப்படித்தான். வோல்டேஜ் வழியிலேயே விழும், ஒயர் சுடும். 25 சதுர மி.மீ.க்குக் குறையாத செம்புக் கேபிள் கேளுங்கள். முனைகளைச் சுத்தியால் தட்டாமல் கிரிம்பரில் (கேபிள் முனையை இறுக்கிப் பிடிக்க வைக்கும் கருவி) அழுத்தச் சொல்லுங்கள். பிளஸ் கேபிளில், பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வேண்டும். வண்டி நிற்கும்போதும் அதில் கரண்ட் இருக்கும், தகட்டில் உரசினால் தீதான். பிளக்குக்கு ரப்பர் மூடியும் வாங்கிவிடுங்கள்.

“பிளக் ஒரே வாக்கில்தான் போகும், அதனால் பிளஸ் மைனஸ் மாறாது” என்பார்கள். உள்ளே ஒயரை மாற்றிக் கோத்திருந்தாலும், 12 வோல்ட் காருக்கு எதிரில் நிற்பது 24 வோல்ட் லாரியாக இருந்தாலும் பிளக் தடுக்காது, வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர்தான் காட்டிக்கொடுக்கும்.