ஈரானியக் கீரைச் சோறு செய்ய எதற்குக் காசு செலவழிக்கலாம்?

கேள்வி: ஈரானியர்கள் நவ்ரூஸ் என்ற தங்கள் புத்தாண்டு அன்று மீனோடு வைத்துச் சாப்பிடும் சப்ஜி போலோ என்ற கீரைச் சோற்றைப் பச்சைப் பட்டாணியும் சேர்த்து செய்து பார்க்க ஆசை. கடையில் விலை கூடிய பாஸ்மதி, காய்ந்த இலைகள் அடைத்த பாட்டில்கள், எல்லாம் கலந்த ரெடிமேட் பாக்கெட் என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது? (வாசகி, சென்னை)

பதில்: முதலில் கீரைக் கடைக்குப் போங்கள். மார்ச் 20 அல்லது 21-ல் வசந்தம் தொடங்கும்போது செய்கிற சோறு இது, அதன் உயிரே பச்சை இலைதான். 2 கப் அரிசிக்கு நறுக்கிய இலை 3 கப்புக்குக் குறையக் கூடாது, அதனால் பாட்டிலில் வாங்கிக் கட்டுப்படியாகாது. கொத்தமல்லி, பார்ஸ்லி, டில் எனப்படும் சதகுப்பைக் கீரை, அப்புறம் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி. கொஞ்சம் வெந்தயக்கீரையும் போடலாம், அதிகமானால் கசக்கும். டில் பெங்களூருச் சந்தைகளில் சப்பசிகே சொப்பு என்று தாராளமாகக் கிடைக்கும், சென்னையில் கேட்டுத் தேடித்தான் வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் பாட்டில்களில் அதை மட்டும் வாங்குங்கள், ஈரானியர்களே காய்ந்த டில் போட்டுச் சமைப்பதுண்டு. காய்ந்த கொத்தமல்லி இலையிலும் பார்ஸ்லியிலும் வாசனை மிச்சம் இருப்பதில்லை, அதற்குக் கொடுக்கும் காசு வீண்.

ரெடிமேட் பாக்கெட்டை வாங்கும் முன் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடையில் அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். அரிசி, உப்பு, சுவையூட்டி எல்லாம் முன்னால் வந்து இலைகள் கடைசியில் நின்றால் நீங்கள் அரிசியைத்தான் கூடுதல் விலைக்கு வாங்குகிறீர்கள்.

அரிசி விஷயத்தில் 'ஸ்பெஷல்' என்ற சொல்லுக்காகக் காசு கொடுக்காதீர்கள். பாக்கெட்டில் பாஸ்மதி என்று தெளிவாக இருக்கிறதா, வெறும் 'நீள அரிசி'யா என்று பாருங்கள். செயற்கை நிறம், செயற்கை மணம், பாலிஷ் பொருள் எதுவும் பாஸ்மதியில் இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரவிதி 2023 ஆகஸ்ட் 1 முதல் சொல்கிறது, அதனால் பாக்கெட்டைப் பிரித்ததும் சென்ட் மாதிரி மணம் தூக்கினால் சந்தேகப்படுங்கள். செல்லா என்கிற புழுங்கல் பாஸ்மதி உடையாது, ஆனால் ஊறவும் வேகவும் நேரம் எடுக்கும், வாசனையும் மட்டு. இந்தச் சோற்றுக்குப் பச்சரிசி பாஸ்மதியே என் தேர்வு.

பட்டாணியில்தான் ஏமாற்று அதிகம். காய்ந்த பட்டாணியை ஊறவைத்து, சாயம் ஏற்றி, புதுசு என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொஞ்சம் பட்டாணியைப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள், தண்ணீரில் பச்சை பிரிந்தால் சமைக்க வேண்டாம். தோலோடு வாங்கி உரித்துக்கொள்வதே நிம்மதி. ஃப்ரோசன் வாங்கினால் பாக்கெட்டைக் குலுக்கிப் பாருங்கள், மணிமணியாக உருள வேண்டும். கட்டியாக இருந்தால் அநேகமாக ஒருமுறை உருகி மறுபடி உறைந்தது, அதைத் தொடாதீர்கள்.

செய்முறை சுருக்கமாக: அரிசியை உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். இலைகளைக் கழுவித் துணியில் பரப்பி ஈரமே இல்லாமல் உலர்த்தி, பிறகு நறுக்குங்கள், ஈரம் நின்றால் சோறு குழைந்துவிடும். நிறையத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அரிசியைப் போட்டு, வெளியே மென்மையாகவும் நடுவில் கொஞ்சம் கெட்டியாகவும் இருக்கும் பதத்தில் வடித்துவிடுங்கள், வடிக்கும் முன் கடைசி நிமிடத்தில் பட்டாணி. அடிகனமான பாத்திரத்தில் தாராளமாக எண்ணெயோ நெய்யோ விட்டு உருளைக்கிழங்கு வில்லைகளை அடுக்கி, மேலே சோறும் இலையும் மாற்றி மாற்றிப் போட்டு, மூடியைத் துணியால் சுற்றி மூடி, சின்னத் தீயில் 40 நிமிடம் தம் போடுங்கள். அடியில் பொன்னிறமாக முறுகி நிற்பதுதான் தஹ்திக், வீட்டில் அதற்குத்தான் சண்டை வரும்.

கடைசியாக மேலே ஊற்றக் குங்குமப்பூ வாங்குவதானால் பொடியாக வாங்காதீர்கள், இழையாக வாங்குங்கள். தண்ணீரில் போட்டதும் மொத்தச் சாயமும் ஒரே நொடியில் இறங்கினால் அது போலி. நல்ல இழை நிறத்தை மெதுவாக விட்டுக்கொண்டே இருக்கும். பில்லை எடுத்து வையுங்கள். கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.