வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: கரு எப்போது தங்குகிறது?

கேள்வி: எனக்கு 31 வயது, சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கிறேன், திருமணமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. சென்ற மாதம், கருமுட்டை வெளிவரும் நாள் என்று கைபேசிச் செயலி காட்டிய நாளுக்குப் பிறகு நான்காம் நாள் சிறுநீர்ச் சோதனை செய்தேன். ஒரே கோடுதான் தெரிந்தது. அதற்கு முந்திய நாள் தேக்காவிலிருந்து பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி வந்திருந்தேன். பிறகு வழக்கமான தேதியில் மாதவிடாய் வந்துவிட்டது. மூட்டையைத் தூக்கியதால்தான் கரு தங்கவில்லை என்று மாமியார் வருந்துகிறார். முட்டை கருவுற்றால் அன்றே கர்ப்பம்தானே? அது எப்படித் தங்குகிறது?

பதில்: சகோதரி, முதலில் அந்த அரிசி மூட்டையை மனத்திலிருந்து இறக்கி வையுங்கள். நீங்கள் அதைத் தூக்கிய நாளில் கரு ஒன்று உருவாகியிருந்தாலும், அது கருப்பைச் சுவரை இன்னும் தொட்டிருக்காது. ஒட்டாத ஒன்று சுமையால் கழன்று விழ வழியில்லை.

சினைப்பையிலிருந்து வெளிவரும் முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் உயிர்ப்புடன் இருக்கும். விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள்வரைகூடத் தாக்குப்பிடிக்கும் என்பதால், முட்டை வரும் நாளுக்கு முன்பே தம்பதியர் சேர்ந்திருப்பது நல்லது. இரண்டும் சந்திப்பது கருப்பையில் அல்ல. சினைப்பைக்கு அருகில், கருக்குழாயின் அகன்ற பகுதியில். ஒரு விந்தணு உள்ளே நுழைந்ததும் முட்டையின் உறை இறுகி, மற்றவற்றைத் தடுத்துவிடுகிறது. இதுதான் கருவுறுதல்.

அதன்பின் அந்த ஓர் உயிரணு இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பெருகிக்கொண்டே குழாய் வழியாகக் கருப்பையை நோக்கி நகர்கிறது. குழாயின் உட்புறத்திலுள்ள நுண்ணிய மயிரிழைகள் அதை மெல்லத் தள்ளிவிடுகின்றன. வழியில் சுவரில் ஒட்டிக்கொள்ளாதபடி முட்டையின் பழைய உறையே அதைக் காக்கிறது. ஐந்தாம் நாள் வாக்கில், உள்ளே நீர் நிறைந்த சிறு பந்தாகக் கரு கருப்பைக்குள் இருக்கும். உருவத்தில் ஊசிமுனை அளவுதான். அதன் உள்ளணுக்கள் குழந்தையாகவும் வெளியணுக்கள் நஞ்சுக்கொடியாகவும் ஆகவிருப்பவை. அந்தக் கட்டத்தில்தான் உறை கிழிந்து, கரு வெளியே வருகிறது. முட்டையோட்டை உடைத்துக்கொண்டு குஞ்சு வருவதைப் போன்ற அந்தக் காட்சியை நுண்ணோக்கியில் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

உறையை விட்டு வந்த கரு, கருப்பையின் உள்வரியில் ஒட்டி, சுவரைத் துளைத்துச் சிறிது சிறிதாக உள்ளே புதைகிறது. பெரும்பாலான கர்ப்பங்களில் இது முட்டை வெளிவந்த 8ஆம் நாளுக்கும் 10ஆம் நாளுக்கும் இடையே நிகழ்கிறது. பதியத் தொடங்கிய பிறகே கருவின் வெளியணுக்கள் சுரக்கும் எச்சிஜி என்னும் இயக்குநீர் தாயின் இரத்தத்தில் கலக்கிறது. முட்டை வெளியேறிய இடத்தில் சினைப்பையில் உருவாகும் மஞ்சள் நிறத் திசு, கருப்பை உள்வரியைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் இயக்குநீரை ஏறத்தாழ இரண்டு வாரம் சுரந்துவிட்டு ஓய்ந்துபோகும்; அதனால்தான் மாதவிடாய் வருகிறது. எச்சிஜி வந்து சேர்ந்தால் அத்திசு ஓயாமல் தொடர்ந்து சுரக்கும்; உள்வரி உதிராது; நாள் தள்ளிப்போகும்.

சோதனைப் பட்டை தேடுவதும் இந்த எச்சிஜியைத்தான். எனவே நான்காம் நாள் தெரிந்த ஒற்றைக் கோட்டுக்குப் பொருளே இல்லை. அடுத்த முறை நாள் தள்ளிப்போகும்வரை பொறுத்திருந்து, காலையின் முதல் சிறுநீரில் பாருங்கள். மெல்லியதாகவேனும் இரண்டாம் கோடு உரிய நேரத்துக்குள் தெரிந்தால் அது பெரும்பாலும் கர்ப்பம்தான்.

கருவுற்ற முட்டைகளில் கணிசமானவை பதியாமலே போய்விடுகின்றன. அவற்றில் பலவற்றுக்குக் காரணம் கருவின் குரோமோசோம் குறைபாடு; தாய் படியேறியதோ வேலைக்குப் போனதோ அன்று. இதை மாமியாரிடமும் பொறுமையாகச் சொல்லுங்கள். அவரது வருத்தம் அன்பினால் வருவது.

இப்போதே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளத் தொடங்குங்கள். ஓராண்டு முயன்றும் கைகூடாவிட்டால், அல்லது மாதவிடாய் ஒழுங்கற்று இருந்தால் அதற்கு முன்பே, பலதுறை மருந்தகத்திற்குச் செல்லுங்கள்; கணவரும் உடன் வரட்டும், அவருக்கும் பரிசோதனை தேவை. நாள் தள்ளிப்போன பின் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலியோ மயக்கமோ வந்தால், கரு குழாயிலேயே பதிந்திருக்கக்கூடும். அது உயிருக்கே ஆபத்து; உடனே அவசரசிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: என் மனைவிக்குக் கருக்குழாய்கள் அடைபட்டிருப்பதால் ஐவிஎஃப் என்னும் சோதனைக்குழாய்க் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு ஆலோசனை கூறியுள்ளனர். அதில் மருத்துவரே கருவைக் கருப்பைச் சுவரில் பதித்துவிடுவாரா?

பதில்: இல்லை. சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1983இல் பிறந்தது, பேராசிரியர் எஸ். எஸ். ரத்தினம் தலைமையிலான குழு அதைச் சாதித்தது. அன்றுபோலவே இன்றும், ஆய்வகத்தில் கருவுறச் செய்து சில நாள் வளர்த்த கருவை, மெல்லிய குழல்வழியாகக் கருப்பைக்குள் விடுவதோடு மருத்துவரின் கைவேலை முடிகிறது. ஒட்டுவதும் புதைவதும் கரு தானே செய்ய வேண்டியவை. அதனால், கரு விட்ட பிறகு உங்கள் மனைவி அசையாமல் படுத்திருக்கத் தேவையில்லை; கொடுத்த மருந்துகளைத் தவறாமல் எடுத்துக்கொண்டு, மருத்துவர் குறித்த நாளில் இரத்தப் பரிசோதனைக்குச் சென்றால் போதும்.