வாசகர் கேள்வி – பதில்: கடற்காற்றில் நிற்கும் கரவனைக் கழுவுவது எப்படி?

கேள்வி: அறுகம்பேயில் விருந்தினர் தங்குவதற்காகப் பழைய கரவன் (வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டுவண்டி) ஒன்றை வைத்திருக்கிறேன். அதன் வெள்ளை பைபர் உடல் மங்கிப்போய், தடவினால் கையில் வெண்தூள் ஒட்டுகிறது. கூரையோரத்திலிருந்து கறுப்புக் கோடுகளும் இறங்கியுள்ளன. வாகன சேர்விஸ் நிலையத்தில் கொடுத்து உயரழுத்தத் தண்ணீரால் கழுவுவித்தால் போதுமா?
– வாசகர், பொத்துவில்

பதில்: தயவுசெய்து அங்கே கொடுக்க வேண்டாம். லொறியின் இரும்பு உடலைக் கழுவுவதற்கு ஏற்ற நீர்த்தாரையைக் கரவன் தாங்காது. கரவனின் சுவர்கள் தனித்தனித் தகடுகளாகச் செய்யப்பட்டு, மூலைகளில் பசையாலும் பட்டிகளாலும் பொருத்தப்பட்டவை. யன்னல்கள் இறப்பர் விளிம்பில் நிற்பவை. குளிர்சாதனப் பெட்டிக்கும் எரிவாயுவுக்கும் காற்றுத் துளைகள் திறந்தே இருக்கும். இவற்றினூடாக உள்ளே தள்ளப்படும் நீர் சுவருக்குள் தங்கி, பழைய வண்டிகளில் பெரும்பாலும் மரத்தாலான உட்சட்டத்தை வெளியே தெரியாமலே உக்கச் செய்துவிடும். அழுக்கோடு ஒரு பருவம் முழுவதும் நின்றாலும் வண்டிக்கு அந்தளவு சேதம் வராது.

உங்கள் இடத்தில் முதல் எதிரி உப்பு. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரையான அலைச்சறுக்குப் பருவத்தில் கடற்காற்று கொண்டுவரும் உப்பும் நுண்மணலும் உடல் முழுவதும் படிந்திருக்கையில் துணியை எடுத்துத் துடைப்பது, அரத்தாள் கொண்டு தேய்ப்பதற்குச் சமம். ஆகையால் கை வைப்பதற்கு முன், சாதாரண ஹோஸ் குழாயால், கூரையிலிருந்து கீழ்நோக்கி, தாராளமாக நன்னீர் விட்டு உப்பையும் மணலையும் கரைத்து இறக்கிவிடுங்கள். பருவகாலத்தில் வாரம் ஒருமுறை இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதி வேலை முடிந்தது என்பது என் கருத்து. சவர்க்காரம் போட்டுக் கழுவுவதை மாதமொருமுறை வைத்துக்கொள்ளலாம்.

அப்படிக் கழுவும் நாளில் வெயில் ஏறுவதற்கு முன்னரே தொடங்குங்கள். சூடேறிய உடலில் நுரை காய்ந்தால் கறை விழும், கூரையிலுள்ள சூடான சூரிய மின்தகட்டின்மேல் குளிர்நீர் பட்டால் அதன் கண்ணாடி வெடிக்கவும் கூடும். வாகனங்களுக்கென விற்கப்படும் மென்மையான ஷாம்புவே நல்லது. பாத்திரம் கழுவும் திரவம் அழுக்கோடு சேர்த்து மெழுகுப் பூச்சையும் எடுத்துவிடும். கறுப்புக் கோடுகளின் பிறப்பிடம் கூரை என்பதால் அதை முதலில் முடிக்க வேண்டும்: அங்கே தேங்கும் தூசும் இலைச்சருகும் பனியிலும் மழையிலும் கரைந்து வழிவதே அந்தக் கோடுகள். கூரைமேல் ஏறி நடக்கவும், வண்டியில் ஏணியைச் சாய்க்கவும் வேண்டாம். தானாக நிற்கும் ஏணியில் நின்று நீண்ட பிடியுள்ள மென்மையான பிறஸால் எட்டித் தேய்க்கலாம். சுவர்களுக்கு நுரையைக் கீழிருந்து மேலாகப் பூசி, பின்னர் மேலிருந்து கீழாக அலசுங்கள். மேலிருந்து பூசினால் அழுக்கு நீர் காய்ந்த தூசின்மேல் வழிந்து புதுக் கோடுகளை உண்டாக்கும். பொச்சும் கம்பித் தேய்ப்பானும் சமையலறையோடு நிற்கட்டும்.

யன்னல்களைத் தனியாகக் கவனியுங்கள். பெரும்பாலான கரவன்களில் அவை கண்ணாடி அல்ல, அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். தின்னர், ஸ்பிரிட், அமோனியா கலந்த கண்ணாடித் துப்புரவுத் திரவம் ஆகியவை பட்டால் அதில் முடி போன்ற வெடிப்புகள் தோன்றும், அவற்றைத் திருத்த வழியில்லை. நிறைய நீரும் சில துளி ஷாம்புவும் ஈரமான மைக்ரோபைபர் துணியும் போதும்.

வெண்தூள் அழுக்கு அல்ல. பைபரின் வெளித்தோலான ஜெல்கோட் பல ஆண்டு வெயிலில் சிதைந்து வருவது அது; எவ்வளவு கழுவினாலும் திரும்ப வரும். வாழைச்சேனையிலும் ஒலுவிலிலும் பைபர் படகு திருத்துவோரைக் கேட்டால் காரணம், மருந்து இரண்டையும் சொல்வார்கள். நுண்ணிய றபிங் கொம்பவுண்டை (தேய்த்து மெருகேற்றும் பசையை) ஒரு முழ அகலமான சிறு பகுதிகளாகப் பூசித் தேய்த்து, பளபளப்பு மீண்டதும் உடனே மெழுகிட வேண்டும். மெழுகிடாது விட்டால் மங்கல் விரைவில் திரும்பிவிடும். ஆனால் ஜெல்கோட் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்பே உள்ளது; ஆண்டுதோறும் தேய்த்தால் அடியிலுள்ள இழை தெரியத் தொடங்கும். ஒருமுறை தேய்த்துவிட்டு, அதன்பின் பருவம் தொடங்கும்போதும் மாரிக்கு முன்னரும் மெழுகு மட்டும் இட்டு வாருங்கள்.

வண்டியின் அடிப்பாகத்துக்கும் நன்னீர் விடுங்கள். அங்கே பாவித்த எண்ணெயையோ டீசலையோ தெளிக்கும் நம்மவர் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. இறப்பர் உறுப்புகள் ஊதிக் கெடும், எண்ணெயில் ஒட்டும் மணல் உப்பைப் பிடித்து வைத்திருக்கும்.

கேள்வி: கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் கிணறு உவர்த்துவிடுகிறது. வாவி நீரை வாளியில் அள்ளிக் கழுவலாமா?
– வாசகர், கல்லடி

பதில்: கூடாது. மட்டக்களப்பு வாவி முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும் கடலோடு சேருவதால் அதன் நீர் உவரானது; மழையற்ற மாதங்களில் உவர்ப்பு இன்னும் ஏறும். கழுவிவிட்டோம் என்ற திருப்தியோடு வண்டிக்கு உப்புப் பூசியதாகவே முடியும். உவர்த்த கிணற்று நீரை முதல் அலசலுக்குப் பாவித்தாலும், கடைசி அலசலைக் குழாய் நீரிலோ சேமித்த மழைநீரிலோ செய்து, காயவிடாமல் துணியால் ஒற்றி எடுங்கள். வெள்ளைப் புள்ளிகள் ஏற்கெனவே விழுந்திருந்தால், சம அளவு நீர் கலந்த வினாகிரியில் நனைத்த துணியைச் சற்றுநேரம் வைத்துத் துடைத்து, நன்றாக அலசிவிடலாம். குளியலறை அசிட்டை எடுக்க வேண்டாம். நுரை நீர் கிணற்றடிக்கோ வாவிக்கோ வழியாத இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். நமது மணல் நிலத்தில் ஊற்றியது விரைவாகவே நிலத்தடி நீரைச் சென்றடையும்.

கேள்வி: மாரிகாலத்தில் வண்டியைத் தறப்பாளால் மூடி மரமுந்திரிகை மரத்தின் கீழ் விடலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: இரண்டும் வேண்டாம். தறப்பாள் ஈரத்தை அடைத்துப் பாசியையும் பூஞ்சணத்தையும் வளர்க்கும். வாடைக்காற்றில் அசைந்து அசைந்து உடலையும் யன்னலையும் உராயும். மரமுந்திரிகைச் சாறு விடும் கறையோ இலகுவில் போகாது, மரத்திலிருக்கும் காகங்களின் எச்சமும் அமிலத்தன்மையால் மெழுகை அரிக்கும். நான்கு கால் நட்டுக் கிடுகோ தகரமோ வேய்ந்து, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். முன்பக்க நிழற்சீலை நனைந்திருந்தால், சுருட்டுவதற்கு முன் ஒரு வெயில் நாள் பார்த்து முழுதாகக் காயவிடுங்கள்.