எக்செல் வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்

வணக்கம் அக்கா. மகளுக்கு டிப்ளோமா முடியப்போகிறது, விண்ணப்பம் போட்ட இடங்களிலிருந்து பதிலே இல்லை, பார்க்கிற வேலை விளம்பரத்திலெல்லாம் எக்செல் தெரிந்திருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது, அதனால் ஒரு தனியார் நிலையத்தில் சில நூறு வெள்ளி கட்டிச் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குக் கட்டாதீர்கள். இணையத்தில் ஏற்கெனவே இரண்டு மூன்று பயிற்சி முடித்துச் சான்றிதழ் வைத்திருக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்று வந்தால் விண்ணப்பத்தில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

பயிற்சிக் கட்டணத்துக்கு அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணத்தைப் பயன்படுத்தலாமா என்றும் கேட்டீர்கள். அந்த 500 வெள்ளி சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு 25 வயதில்தான் கிடைக்கும், மகளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. உங்கள் கணக்கில் இருப்பதை அவளுக்கு மாற்றிவிடவும் முடியாது. (உங்களுக்கு நாற்பது ஆகியிருந்தால் 2024 மே முதல் தனியாக 4,000 வெள்ளி வந்திருக்கும். அதில் நீங்களே ஏதாவது படியுங்கள், சும்மா கிடக்கிறது.)

சரி, பயிற்சிகள் முடித்தும் ஏன் எடுபடவில்லை? இணையப் பயிற்சியில் கொடுக்கும் கோப்பு எப்போதும் சுத்தமாக இருக்கும். தேதி தேதியாக இருக்கும், எண் எண்ணாக இருக்கும், பெயரெல்லாம் ஒரே மாதிரி எழுதியிருக்கும். துவாஸில் ஒரு கிடங்கிலோ, சாங்கியில் ஒரு சரக்கு அலுவலகத்திலோ, எந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலோ முதல் வருடம் கைக்கு வருவது வேறு யாரோ மூன்று வருடமாக இஷ்டத்துக்கு நிரப்பிய கோப்பு. அதில் 03/04/2023 என்று இருந்தால் நமக்கு ஏப்ரல் 3, ஆனால் கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் அது மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். 13/04/2023 என்பதைத் தேதியாகவே பார்க்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆக ஒரே நெடுவரிசையில் பாதி தப்பான தேதி, மீதி தேதியே இல்லை, எக்செல் ஒரு எச்சரிக்கையும் காட்டாது. இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளையைத்தான் மேலாளர்கள் தேடுகிறார்கள்.

ஒரு பட்டியலில் பொருளைத் தேடி அதன் விலை போன்றதை எடுத்துத் தரும் வி-லுக்கப் சூத்திரம் எல்லாப் பயிற்சியிலும் வருகிறது, உங்கள் மகளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அதன் நான்காவது இடத்தை நிரப்பாமல் விட்டால் அது சரியாகப் பொருந்துவதைத் தேடாது, கிட்டத்தட்ட ஒன்றை எடுத்துக்கொண்டு தப்பான விலையைச் சத்தமில்லாமல் போட்டுவிடும் என்று கேட்டுப் பாருங்கள், தெரிகிறதா என்று. புதிய எக்ஸ்-லுக்கப்பில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் 2016, 2019 பதிப்புகளில் அது கிடையாது, சின்ன நிறுவனங்கள் பலவற்றில் இன்னும் பழைய பதிப்புதான் ஓடுகிறது, அதனால் இரண்டும் தெரிந்திருக்கட்டும். அப்புறம் பொருள் சேவை வரி. 2022 வரை 7 விழுக்காடு, 2023இல் 8, 2024 முதல் 9. ஒவ்வொரு சூத்திரத்துக்குள்ளும் 0.07 என்று தட்டி வைத்தவர்கள் இரண்டு வருடம் தொடர்ந்து கோப்பு முழுக்கத் தேடித் தேடி மாற்றினார்கள். வரியை ஒரு கட்டத்தில் வைத்து, சூத்திரத்தை நகலெடுத்தாலும் அந்த இடம் மாறாதபடி டாலர் குறி போட்டுப் பூட்டி, மற்றதெல்லாம் அதைப் பார்க்கும்படி எழுதியவர்கள் ஒரே எண்ணை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இந்த டாலர் குறி எதற்கு என்று விளக்கத் தெரியாமலேயே சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

ஆகவே இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். அரசாங்கத்தின் டேட்டா.கவ்.எஸ்ஜி தளத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் மறுவிற்பனை விலைப் பட்டியல் இருக்கிறது, 2017 ஜனவரியிலிருந்து நடந்த விற்பனை எல்லாம் ஒரே கோப்பில், 200,000 வரிசைக்கு மேல், இலவசம். அதை இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வட்டாரம், வீட்டு வகை, மாடி, பரப்பு, மீதமுள்ள குத்தகை, விலை எல்லாம் அதில் உண்டு. ஒரே ஒரு கேள்வி போதும்: நம் பேட்டையில் நான்கறை வீட்டுக்கு, குத்தகை குறையக் குறைய விலை எவ்வளவு இறங்குகிறது? கேட்கச் சுலபம், செய்யும்போதுதான் தெரியும். குத்தகை எண்ணாக இல்லை, "61 இயர்ஸ் 04 மந்த்ஸ்" என்று எழுத்தாக இருக்கிறது. அதை உடைத்து எண்ணாக்க வேண்டும். சில வரிசைகளில் மாதமே இல்லாமல் வருடம் மட்டும் இருக்கும், அங்கே அவள் எழுதிய சூத்திரம் விழுந்துவிடும். அங்கேதான் படிப்பு ஆரம்பிக்கிறது, யூடியூபில் தேடட்டும், திட்டட்டும், நீங்கள் குறுக்கே போகாதீர்கள். பிறகு வரிசைகளை வகைவாரியாகத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் போட்டு, ஒரு வரைபடம் வரைந்து, பக்கத்தில் நான்கு வரியில் கண்டது என்ன என்று எழுதட்டும்.

ஒரு பழக்கத்தை மட்டும் இப்போதே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்: ஒவ்வொரு படிக்கும் முன்னும் பின்னும் எத்தனை வரிசை இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது. 2020இல் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 16,000 கொவிட் தொற்றுகள் கணக்கில் வராமல் போயின, காரணம் பழைய வகை எக்செல் கோப்பில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை, மிச்சம் விழுந்துபோனதை யாரும் உடனே கவனிக்கவில்லை. இப்போதைய கோப்பில் பத்து லட்சத்துக்கு மேல் கொள்ளும்தான், ஆனால் வடிகட்டும்போதும் ஒட்டும்போதும் வரிசை காணாமல் போவது இன்றும் தினம் நடக்கிறது.

விண்ணப்பத்தில் "எக்செல்லில் தேர்ச்சி" என்பதை எடுத்துவிட்டு, "200,000க்கும் மேற்பட்ட வீவக மறுவிற்பனைப் பதிவுகளைச் சுத்தம் செய்து, குத்தகைக் காலத்துக்கும் விலைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தேன்" என்று போடலாம். நேர்முகத்தில் கேள்வி அங்கிருந்துதான் வரும், பதிலும் அவளிடம் இருக்கும். ஏஐ-யிடம் கேட்டு எழுதலாமா என்று கேட்பாள். கேட்கட்டும், தப்பில்லை, ஆனால் அது கொடுத்த சூத்திரம் எந்த வரிசையில் தப்பும் என்று அவளால் சொல்ல முடியாவிட்டால் நேர்முகத்தில் மாட்டிக்கொள்வாள். சில நிறுவனங்கள் அங்கேயே ஒரு மடிக்கணினியையும் குப்பைக் கோப்பையும் கொடுத்து உட்கார வைத்துவிடுகின்றன.

பணியிடப் பயிற்சியின்போது கையாண்ட நிறுவனக் கோப்பை மாதிரியாகக் காட்ட வேண்டாம். வாடிக்கையாளர் பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கும், தனிநபர் தரவுச் சட்டம் இருக்கிறது, அதைவிட முக்கியம், பார்ப்பவர் 'நாளைக்கு நம் கோப்பையும் இப்படித்தான் வெளியே காட்டுவாள்' என்று நினைப்பார்.

இத்தனைக்குப் பிறகும் ஏதாவது ஒன்றுக்குப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால், மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் ஸ்பெஷலிஸ்ட் தேர்வைப் பாருங்கள். எக்செல்லைத் திறந்து செய்து காட்ட வேண்டிய தேர்வு அது, 1,000க்கு 700 எடுத்தால்தான் தேர்ச்சி. காணொளியை ஓடவிட்டு வாங்குகிற தாளோடு அதைச் சேர்க்க முடியாது. ஆனால் வீவக கோப்பு முடிந்த பிறகு.

உங்கள் வேலை ஒன்று இருக்கிறது அக்கா. கோப்பு முடிந்ததும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழிலேயே விளக்கச் சொல்லுங்கள். நம் பேட்டை விலை உங்களுக்கு அவளைவிட நன்றாகத் தெரியும், எந்த எண் நம்பும்படி இல்லையோ அதைக் கேளுங்கள். தடுமாறினால் அந்த இடத்தை மறுபடி பார்க்கட்டும். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கல்வி, வாழ்க்கைத்தொழில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், படிப்பு முடிவதற்குள் ஒரு நேரம் வாங்கி, விண்ணப்பத்தோடு இந்தக் கோப்பையும் எடுத்துக்கொண்டு போகட்டும்.