நோம்பிக்கடை ஹீமேன்

வணக்கம் அண்ணா,

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 43. சொந்த ஊர் காங்கேயம் பக்கம். நான்கு வருடமாகப் பழைய பொம்மைகள் சேர்க்கிறேன். பெரும்பாலும் ஃபன்ஸ்கூல் கம்பெனி இங்கே போட்ட ஜி.ஐ. ஜோ சிப்பாய்கள், கொஞ்சம் லியோ கம்பெனி போட்ட கார்ட்டூன் வீரன் ஹீமேன். இதுவரை 37 சேர்ந்திருக்கிறது. அதில் பதினொன்று அட்டை பிரிக்காதவை. கண்ணாடி பீரோ செய்து பூட்டி வைத்திருக்கிறேன்.

வீட்டில் இப்போது இதுதான் சண்டை. "ஆறு வயசுப் பையன் வெளிய நின்னு பாக்கறான், நாப்பத்து மூணு வயசுப் பையன் உள்ள வெச்சுப் பூட்டறான்" என்கிறாள் மனைவி. அம்மாவோ, "இந்தக் காசுக்கு அரைப் பவுன் எடுத்திருக்கலாம்" என்கிறார். நான் முதலீடு என்று சொல்லிச் சமாளிக்கிறேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

இது கிறுக்குத்தனமா? இவற்றுக்கு நிஜமாகவே விலை ஏறுமா? பையன் கேட்டால் கொடுத்துவிட வேண்டுமா? பழைய பொருட்களைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதால் கேட்கிறேன்.

செ., திருப்பூர்

அன்புள்ள செ.,

உங்கள் வீட்டம்மா சொன்னதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். காட்டியிருக்க வேண்டாம்.

கிறுக்கா என்ற கேள்வியை முதலில் தள்ளிவிடலாம். உங்கள் ஊர்ப் பக்கமே மாட்டுச் சலங்கையும் வெண்கல மணியும் தேடித்தேடி வாங்கி வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மரியாதைதான் கிடைக்கிறது. மாவாட்டிய ஆட்டுக்கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோய்ப் புது வீட்டு வாசலில் வைத்து, தண்ணீர் ஊற்றிப் பூவை மிதக்க விடுகிறார்கள். அதையும் யாரும் கேட்பதில்லை. உங்களுடையது பிளாஸ்டிக், அதனால் பேச்சு வாங்குகிறீர்கள். அவ்வளவுதான்.

அப்புறம் என் சங்கதி. ஒரு கோடை லீவில், கிணற்று மோட்டாருக்கு ஏதோ சாமான் வாங்கப் போன அப்பாவோடு கோயமுத்தூர் போயிருந்தேன். ஒப்பணக்காரவீதியில் நடக்கும்போது ஒரு கடைக் கண்ணாடிக்குள் ஹீமேன் நின்றிருந்தான். அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் குமிழுக்குள் கால் மடக்கி, பக்கத்தில் வாளும் கோடாரியும். நான் நகரவில்லை என்று தெரிந்ததும் அப்பா உள்ளே போய் விலை கேட்டார். வெளியே வந்தவர், "எருமைக்கு நாலு நாள் புண்ணாக்கு ஆச்சு" என்றார். அவருக்கு எல்லாக் கணக்கும் புண்ணாக்கில்தான். கோபமாகவெல்லாம் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார்.

அந்த வருடம் மாரியம்மன் நோம்பிக்குக் கடை போட்டபோது, கூரையில் தொங்கிய சாமான்களுக்கு நடுவே இன்னொரு ஹீமேன் இருந்தான். இதை அப்பா யோசிக்காமல் வாங்கிக் கொடுத்தார். ஊதிச் செய்த பிளாஸ்டிக், உள்ளே வெறும் காற்று. உச்சந்தலையிலிருந்து கால்வரை இரண்டு பாதியும் ஒட்டிய இடம் ஒரு வரப்பு மாதிரி துருத்திக்கொண்டிருக்கும், விரலை ஓட்டினால் கீறும். தலைமுடிக்கு அடித்த மஞ்சள் பெயின்ட் மூக்கு வரைக்கும் வழிந்திருந்தது. நெஞ்சில் இருக்க வேண்டிய சிலுவைப் பட்டை இல்லை. அந்த இடத்தில் அனுமாருடையது போல ஒரு பதக்கம். எந்த அச்சை எதோடு சேர்த்தார்களோ! காற்றடித்தால் விழுந்துவிடுவான். பொடக்காலியில் உட்கார்ந்து, தலையைத் திருகிக் கழற்றி, கழுத்து வழியாக மணலைப் போட்டேன். நின்றான். அதற்குப் பிறகு தூக்கும்போதெல்லாம் கழுத்திலிருந்து மணல் கொட்டும். பாயில் மணல் என்று ஆத்தா திட்டும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் எழுதுவதைப் படித்திருப்பீர்கள். 'என்னிடம் இருந்தது, நான் காலேஜ் போனபோது அம்மா தூக்கிப் போட்டுவிட்டார், திரும்ப வாங்குகிறேன்' என்பார்கள். அவர்கள் தொலைத்ததைத் தேடுகிறார்கள். உங்களுக்கும் எனக்கும் தொலைக்க என்ன இருந்தது? நாம் பார்த்தது கடைக் கண்ணாடியை. நாற்பது வயதில் சம்பளம் வந்ததும், அன்றைக்கு வாங்காமல் வந்ததை வாங்கப் போகிறோம். இரண்டும் ஒரே பழக்கம் மாதிரி தெரியும், ஆனால் வேறு.

ஹீமேன் கதையே வேடிக்கையானது. மேட்டல் கம்பெனி பொம்மையைக் கொண்டுவந்தது 1982-ல். கார்ட்டூன் வந்தது 1983-ல், பொம்மைக்குப் பின்னால். அந்தக் கதையே பொம்மை விற்பதற்காகத்தான் எடுக்கப்பட்டது. நாம் பக்கத்து வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து, பாஷை ஒன்றும் புரியாமல், ஒரு விளம்பரத்தை வாயைப் பிளந்து பார்த்திருக்கிறோம். விற்க வந்த சாமான் மட்டும் எங்கள் ஊர் எல்லைக்கு வரவே இல்லை.

'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற பேரும் அப்படித்தான். 1964-ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி முதன்முதலில் ஜி.ஐ. ஜோவைப் போட்டபோது அது ஓரடி உயரம், துணிச் சட்டை மாட்டலாம். ஆனால் பொம்மை என்று சொன்னால் பையன்கள் தொடமாட்டார்கள் என்று பயந்து, அந்தச் சொல்லே வராமல் இந்தப் பேரை வைத்தார்கள். உங்கள் அம்மா பொம்மை என்றால் நீங்கள் ஃபிகர் என்கிறீர்கள் பாருங்கள், அந்தச் சண்டைக்கு அறுபது வயதாகிறது. நீங்கள் சேர்க்கிற அரைச் சாண் கூட வராத சின்ன ஜோ 1982-ல் வந்தது. அதன் அச்சில் இங்கே அடித்ததுதான் ஃபன்ஸ்கூல்.

கிடைக்காததற்கு இருக்கிற இழுப்பு நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. 1977-ல் ஸ்டார் வார்ஸ் படம் இப்படி ஓடும் என்று பொம்மை உரிமை வாங்கிய கென்னர் கம்பெனியே எதிர்பார்க்கவில்லை. கிறிஸ்துமஸுக்குள் பொம்மை தயாராகாது என்று தெரிந்ததும் வெறும் அட்டை உறையை விற்றார்கள். உள்ளே ஒரு சீட்டு, அதை அனுப்பினால் அடுத்த வருடம் நான்கு பொம்மை தபாலில் வரும். வெற்று உறையைக் காசு கொடுத்து வாங்கிப் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள்! அதே கென்னர் அடுத்து, முதுகிலிருந்து ராக்கெட் பாயும் போபா ஃபெட் என்ற ஸ்டார் வார்ஸ் பொம்மையைத் தருவதாக விளம்பரம் செய்தது. குழந்தைகள் விழுங்கிவிடும் ஆபத்து என்று கடைசியில் ராக்கெட்டை அசையாமல் ஒட்டித்தான் அனுப்பினார்கள். பாயும் ராக்கெட்டோடு செய்த மாதிரிகள் சில மட்டும் தப்பின. அதில் ஒன்று 2024-ல் ஏலத்தில் 5,25,000 டாலருக்குப் போனது. எந்தக் குழந்தையின் கைக்கும் போகாத பொம்மைக்குத்தான் அந்த விலை.

சரி, உங்கள் பீரோவுக்கு வருவோம். பதினொன்றை நீங்கள் பிரிக்காமல் வைத்திருப்பது விலைக்காக என்று வீட்டில் சொல்லிச் சமாளிக்கிறீர்கள். நான் நம்பவில்லை. நீங்கள் அன்றைக்குப் பார்த்ததே கண்ணாடிக்குப் பின்னால்தான். அதே காட்சியை வீட்டுக்குள் கட்டி வைத்திருக்கிறீர்கள். அதில் தப்பில்லை. ஆனால் கண்ணாடிக்கு வெளியே இப்போது உங்கள் மகன் நிற்கிறான் என்று உங்கள் மனைவி பார்த்துவிட்டார். நீங்கள் பார்க்கவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் தூக்கி அவனிடம் கொடுங்கள் என்று சொல்லமாட்டேன். ஆறு வயதுப் பையனுக்கு ஜி.ஐ. ஜோ யாரென்றே தெரியாது. உங்களுடைய ஏக்கம் அவனுக்கு எதற்கு? அட்டை இல்லாமல் வாங்கியது 26 இருக்கிறதே, அதில் மூட்டு தளர்ந்தது, துப்பாக்கி தொலைந்தது ஒரு ஐந்தாறை எடுத்துக் கீழ்த்தட்டில் பூட்டில்லாமல் வையுங்கள். எடுத்தால் எடுக்கட்டும். கட்டைவிரல் உடையும். ஜி.ஐ. ஜோவுக்கு முதலில் போவது கட்டைவிரல்தான், துப்பாக்கியைத் திணிக்கும்போது. அமெரிக்காவில் உடைந்ததும் அங்கேதான்.

முதலீடு என்று மட்டும் அம்மாவிடம் சொல்லாதீர்கள். அரைப் பவுனோடு ஒப்பிட்டால் தோற்றுப்போவீர்கள். தங்கத்தை எந்த ஊரிலும் எந்த நாளிலும் விற்கலாம். ஃபன்ஸ்கூல் ஜோவுக்கு வெளிநாட்டில் ஆசைப்படுகிறவர்கள் உண்டு, உண்மைதான். அமெரிக்க ஜோவுக்கு இல்லாத விநோதமான நிறங்களில் இங்கே அடித்திருப்பதால் தேடுகிறார்கள். ஆனால் அவர்கள் கையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை, அந்தச் சந்தேகம், அந்தப் பேரம் எல்லாம் உங்கள் தலையில்.

நானே ஏமாந்திருக்கிறேன். 'சீல் பிரிக்காதது' என்று ஒருவரிடம் வாங்கினேன். அட்டை பழுத்து ஓரம் மடங்கியிருக்கிறது, குமிழ் மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. முப்பது வருடப் பிளாஸ்டிக் அப்படி இருக்காது, மங்கும், மஞ்சள் தட்டும். சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் பசை மினுங்குகிறது. யாரோ பழைய அட்டையில் புதுக் குமிழ் ஒட்டியிருக்கிறார்கள். இன்னொன்று, இடுப்புக்குப் பின்னால் பொடி எழுத்தில் 1985 என்று இருந்தால் அது செய்த வருடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த உருவத்துக்கு உரிமை பதிந்த வருடம் அது. அதே அச்சில் பத்து வருடம் கழித்து இங்கே அடித்தாலும் அதே எண்தான் விழும். '1985 ஒரிஜினல்' என்று விலை சொல்கிறவருக்கு இது தெரிந்திருக்கும், அல்லது தெரியாது. இரண்டும் உங்களுக்கு நல்லதில்லை.

காப்பாற்றுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மெத்தென்ற தலையும் கையும் பிவிசி என்ற பிளாஸ்டிக். அதை வளைய வைக்கச் சேர்த்த எண்ணெய்ப் பதம் வருடங்கள் போகப்போக வெளியே கசியும். வெல்லம் வேர்த்த மாதிரி பிசுபிசுக்கும். சூடு அதை வேகப்படுத்தும், பாலிதீன் கவரில் இறுக்கிக் கட்டினால் கசிந்தது போக வழியில்லாமல் மேலேயே தங்கும். சித்திரை வெயிலில் மொட்டை மாடி அறை வேண்டாம். அந்துருண்டையும் போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டு அட்டாலியில் பட்டுப்புடவைக்குப் போட்டது பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் டப்பாவின் மூடியை இளக்கி, உருண்டை உருண்டையாகக் குழி விழுந்துவிட்டது. சில பிளாஸ்டிக்குக்கு அந்த ஆவியே விஷம்.

எனக்கு உங்கள் கடிதத்தில் பிடித்தது நீங்கள் எழுதாமல் விட்டது. மெர்ச்சண்டைசர் என்கிறீர்கள். ஒரு ஸ்பைடர்மேன் பனியனுக்கு, அந்த உருவத்துக்கு லைசென்ஸ் தருகிறவனிடம் எத்தனை அப்ரூவல் வாங்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். சிவப்பு ஒரு ஷேடு மாறினால் திருப்பி அனுப்புவான். மிஞ்சிய பீஸை லேபிள் வெட்டித்தான் வெளியே விடலாம், சிலதை விடவே கூடாது. லேபிள் வெட்டியது உங்கள் ஊர்க் காதர்பேட்டை பனியன் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து சந்தைக்குப் போய், ஸ்பைடர்மேன் யாரென்று தெரியாத ஒரு பையன் அதைப் போட்டுக்கொண்டு ஆடு மேய்க்கிறான். லைசென்ஸ் என்ற சொல்லின் இரண்டு முனையும் ஒரே ஊரில் இருக்கிறது. உலகத்தில் எத்தனை சேகரிப்பாளனுக்கு இது வாய்க்கும்? கம்பெனி சாம்பிளை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள், வேலை போய்விடும்.

நீங்களாக இருந்தால் நான் நோம்பிக்கடைப் பொம்மைகளைச் சேர்ப்பேன். லைசென்ஸ் இல்லாத, பேர் இல்லாத, அனுமார் பதக்கம் போட்ட ஹீமேன்களை. துருக்கியில் 1980களில் ஸ்டார் வார்ஸைத் திருட்டுத்தனமாக அடித்த 'உசாய்' பொம்மைகளுக்கு இன்றைக்கு ஒரிஜினலைவிட அதிக விலை கொடுக்கிறார்கள். நம்முடையதை யாரும் எடுத்து வைக்கவில்லை. ஊதிய பிளாஸ்டிக் என்பதால் நசுங்கி, பழைய இரும்புக்காரரிடம் ஈயச்சொம்போடு போய்ப் பேரீச்சம்பழமாகிவிட்டது. என்னுடைய மணல் போட்டவனும் அப்படித்தான் போயிருப்பான். கோனியம்மன் தேருக்கோ காரமடைத் தேருக்கோ போனால் கடைகளை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். இன்றைய ஐயன்மேனுக்கு யார் முகம் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள்.

கடைசியாக ஒரு வேலை. மூட்டு தளர்ந்த ஜோக்களைப் பையனிடம் கொடுக்கும் முன் சரி செய்துவிடுங்கள். முதுகில் ஒரே ஒரு ஸ்குரூ. அதைக் கழற்றினால் நெஞ்சு இரண்டாகப் பிரியும். உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வளையம், கால்களைப் பிடித்திருக்கும் கொக்கியில் மாட்டி நெஞ்சுக்குள் இழுத்துக் கட்டியிருக்கும். அது காய்ந்து விட்டுப்போனால் இடுப்புக்குக் கீழே தனியாக விழுந்துவிடும். வெளிநாட்டிலிருந்து தருவிக்கிறார்கள் அந்த வளையத்தை. நமக்கு எதற்கு? பம்ப்செட் ஸ்பேர் விற்கிற எந்தக் கடையிலும் ஓ-ரிங் டப்பா டப்பாவாக இருக்கும். பழைய வளையத்தைக் கையில் கொண்டு போங்கள், வாயால் அளவு சொன்னால் பெரிதைத்தான் கொடுப்பார்கள். ஸ்குரூவை மட்டும் பையனைத் திருகச் சொல்லுங்கள்.