தொடாமலே நகரும் பவர் வீல்சேர்: கேள்வி-பதில்

கே: திருவிழாக் கூட்டத்தில் அப்பாவின் பவர் வீல்சேர், ஜாய்ஸ்டிக்கைத் தொடாமலே ஒரு முழம் முன்னால் போய்விட்டது. பக்கத்தில் ஒரு காவலர் வாக்கி-டாக்கியில் பேசிக்கொண்டிருந்தார். அதுதான் காரணமா?

ப: இருக்கலாம். ஜாய்ஸ்டிக் நடுவில் நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்பதைச் சின்ன மின்னழுத்தத்தை வைத்துத்தான் கன்ட்ரோலர் (மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டி) தெரிந்துகொள்கிறது. ஜாய்ஸ்டிக்கிலிருந்து இறங்கும் ஒயர் ஆன்டெனா மாதிரி ரேடியோ அலையை வாங்கிக்கொண்டால் அந்த அளவு பிசகும். யாரோ 'போ' என்று தள்ளியதாகவே கன்ட்ரோலர் எடுத்துக்கொள்ளும். பழைய வண்டி ஒன்றை, சக்கரம் தரையில் படாதபடி கட்டைமேல் ஏற்றிவைத்துச் சோதித்திருக்கிறேன். ஜாய்ஸ்டிக் ஓரமாக வாக்கி-டாக்கியின் பொத்தானை அழுத்தியதும் சக்கரம் மெல்லச் சுற்றியது, விட்டதும் நின்றது. எதிர்முனைப் பேச்சைக் கேட்கும்போது ஒன்றும் ஆகவில்லை. அலையை அனுப்பும்போதுதான் வம்பு.

இது புதுப் புகார் அல்ல. மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 1994இலேயே தயாரிப்பாளர்களுக்கு எழுதி, மீட்டருக்கு 20 வோல்ட் (அலையின் பலத்தை இப்படித்தான் அளப்பார்கள்) அலையையாவது வண்டி தாங்கட்டும் என்றது. உங்கள் வண்டியின் கையேட்டில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கே: வீட்டுக்கு எதிரிலேயே செல்போன் டவர். வீடு மாற வேண்டுமா?

ப: வேண்டாம். எல்லோரும் டவரைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது கையில் இருப்பதற்கு. 5 வாட் வாக்கி-டாக்கி ஒரு மீட்டர் தள்ளியிருந்தால் மீட்டருக்குச் சுமார் 15 வோல்ட். அரை மீட்டருக்கு வந்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகி, 20ஐத் தாண்டிவிடும். ஆயிரம் வாட்டுக்குச் சமமாக வீசும் டவர்கூட 50 மீட்டர் தள்ளி, மீட்டருக்கு நான்கு வோல்ட்டை எட்டாது.

கே: செல்போனை ஜாய்ஸ்டிக் பக்கத்து ஹோல்டரில் வைக்கலாமா?

ப: எதிர்ப்பக்கக் கைப்பிடியில் வையுங்கள். பேசாதபோதும் போன் அவ்வப்போது அலையை அனுப்பும். சிக்னல் குறைந்த இடத்தில் இன்னும் பலமாக அனுப்பும்.

கே: வண்டி தானாக நகர்ந்தால் உடனே என்ன செய்வது?

ப: சுவிட்சை அணையுங்கள். இந்த வண்டிகளின் பிரேக்கை இறுக்குவது ஸ்பிரிங், விடுவிப்பதுதான் மின்சாரம். மின்சாரம் போனால் பிரேக் பிடித்துவிடும். ஓட்டத்தில் அணைத்தால் உலுக்கி நிற்கும் என்பதால் பெல்ட் போட்டிருங்கள். ஆனால் கையால் தள்ளுவதற்கான லீவரைத் திருப்பிவிட்டிருந்தால் அந்த பிரேக் இல்லை. சரிவில் அதைத் தொடவே வேண்டாம்.

கே: எங்கள் வண்டி வீட்டுக்குள்ளும் அடிக்கடி வெட்டி வெட்டி ஓடுகிறது. இதுவும் அலையா?

ப: அநேகமாக இல்லை. முதலில் கனெக்டர்களை அழுத்திப் பாருங்கள், பேட்டரி டெர்மினலைத் துடையுங்கள், ஜாய்ஸ்டிக்கின் ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எலக்ட்ரீஷியனை வைத்து விளக்கோ ஹார்னோ சேர்த்தீர்களா? தயாரிப்பாளர் சோதித்தது அந்தக் கூடுதல் ஒயர் இல்லாத வண்டியை. கழற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். அதன் பிறகும் வெட்டினால் எந்த இடம், எத்தனை மணி, பக்கத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று குறித்துக்கொண்டு சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள்.